எந்தப் பையனுக்காக மல்லுக்கட்டுவது: டொலீடோ அணியோடு ஒரு ரெக்ரூட்டிங் சீசன்

ஈஏ ஸ்போர்ட்ஸ் காலேஜ் ஃபுட்பால் 25 என்ற வீடியோ கேம் ஆடுகிற பலருக்கும் மைதானத்துக்குள் நடப்பதுதான் விளையாட்டு. எனக்கு ருசி, ஒரு கல்லூரி அணியை வருடக்கணக்கில் கோச்சாக நடத்துகிற டைனஸ்டி மோடில், அதிலும் புது ஆட்டக்காரர்களைச் சேர்க்கிற ரெக்ரூட்டிங் திரையில். 2013-ல் வந்த என்சிஏஏ ஃபுட்பால் 14-க்குப் பிறகு இந்த வகை விளையாட்டே இல்லாமல் போய், 2024 ஜூலையில்தான் அடுத்தது வந்தது. அந்த 11 வருட இடைவெளியில் நான் அதிகம் ஏங்கியது இந்தத் திரைக்குத்தான்.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் டிராஃப்ட், அதாவது அணிகள் முறைவைத்துப் புது ஆட்டக்காரர்களை எடுத்துக்கொள்கிற ஏற்பாடு, கிடையாது. உயர்நிலைப் பள்ளி முடிக்கிற பையன்களைக் கோச்சுகள்தான் பேசிப் பேசி இழுக்க வேண்டும். ஒரே பையனை ஒரே நேரத்தில் எட்டுப் பத்துக் கல்லூரிகள் துரத்தும். கடைசியில் கையெழுத்து ஒருவருக்குத்தான். அவன் போகாத கல்லூரிகள் செலவழித்த நேரம் அத்தனையும் வீண். யாருக்காக நிற்பது, யாரை விட்டு விலகுவது, அதை எந்த வாரம் முடிவு செய்வது என்பதைத்தான் ஒரு சீசன் முழுக்கக் குறிப்பெடுத்தேன். அந்தக் குறிப்புகளை ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

அணி டொலீடோ. ஒஹாயோ மாநிலத்தின் வடமேற்கு மூலையில், மிட்-அமெரிக்கன் கான்ஃபரன்ஸ் என்ற கல்லூரிகளின் கூட்டமைப்பில் ஆடுகிற அணி. வடக்கே சுமார் 80 கிலோமீட்டரில் ஆன் ஆர்பர், அதாவது மிச்சிகன் பல்கலைக்கழகம். தெற்கே கொலம்பஸில் ஒஹாயோ ஸ்டேட். இரண்டுமே ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்காரும் மைதானம் வைத்திருக்கிற ராட்சத அணிகள். நடுவில் நம்முடைய கிளாஸ் பௌல், அதில் கால்வாசிதான் கூட்டம் கொள்ளும். ஆனால் ஊரைச் சுற்றி டெட்ராய்ட், கிளீவ்லாந்து என்று நல்ல ஆட்டக்காரர்கள் விளைகிற மண். போட்டி போடலாமா வேண்டாமா என்ற கேள்வி தினமும் வாசலில் நிற்கிற இடம் இதுதான் என்பதால் டொலீடோவை எடுத்தேன்.

ப்ரீசீசன்: மணிக்கணக்கு

நாம் துரத்துகிற பையன்களின் பட்டியலான ரெக்ரூட்டிங் போர்டில் 35 பேருக்கு இடம். வாரா வாரம் நம் அணியின் தரத்தைப் பொறுத்து இத்தனை மணி நேரம் என்று கொடுப்பார்கள். ஸ்காலர்ஷிப் கொடுக்க 5 மணி. சமூக வலைத்தளத்தில் தேட 5, நேரடியாகச் செய்தி அனுப்ப 10, குடும்பத்தையும் நண்பர்களையும் தொடர்புகொள்ள 25, மொத்தப் படையையும் இறக்க 50. பிறகு பேச்சுவார்த்தை: மென்மையாகப் பேச 20, அழுத்திப் பேச 40. ஒரு பையனின் மனசையே மாற்றப் பார்க்க 30. வளாகத்துக்கு அழைக்க 40.

எல்லாவற்றையும்விட முக்கியமான எண் ஒன்று இருக்கிறது: ஒரு பையன்மேல் வாரத்துக்கு 50 மணிதான் உச்சவரம்பு. இந்த வரம்பு மிச்சிகனுக்கும் உண்டு. பெரிய அணியிடம் நம்மைவிடப் பல மடங்கு நேரம் இருக்கும். ஆனால் அந்த நேரத்தையெல்லாம் ஒரே பையன்மேல் கொட்ட முடியாது. நம் 50-க்கு எதிரே அவர்களுடைய 50 தான். அதனால் ‘பெரிய அணி வந்துவிட்டது, விலகிவிடுவோம்’ என்பது கணக்கே இல்லாத முடிவு. அவர்களுடைய 50 மணி அந்தப் பையனிடம் எவ்வளவு எடுபடுகிறது, நம்முடைய 50 எவ்வளவு எடுபடுகிறது என்று பார்க்க வேண்டும்.

அது எடுபடுவதும் படாததும் பையனின் மூன்று ஆசைகளில் இருக்கிறது. விளையாட்டில் ஒவ்வொரு கல்லூரிக்கும் 14 விஷயங்களில் மதிப்பெண் உண்டு: ஆட வாய்ப்பு, ஆட்ட பாணி, கோப்பை வெல்லும் வாய்ப்பு, பாரம்பரியம், வளாக வாழ்க்கை, மைதானச் சூழல், என்எஃப்எல் என்ற தொழில்முறை லீக்குக்குப் போகும் வாய்ப்பு, விளம்பர வெளிச்சம், படிப்பு, கான்ஃபரன்ஸின் மதிப்பு, கோச்சின் நிலைத்தன்மை, கோச்சின் மதிப்பு, பயிற்சி வசதிகள், வீட்டுக்குப் பக்கமா என்பது. ஒவ்வொரு பையனுக்கும் இதில் மூன்று பெரிது. அதோடு ‘டீல்பிரேக்கர்’ என்று ஒன்று. அந்த விஷயத்தில் அவன் கேட்கிற மதிப்பெண்ணுக்குக் கீழே போனால் நமக்குக் கதவு அடைபட்டுவிடும்.

என் டொலீடோவுக்கு ஆட வாய்ப்பு, வீட்டுப் பக்கம், கோச் நிலைத்தன்மை மூன்றும் நல்ல மதிப்பெண். விளம்பர வெளிச்சமும் கான்ஃபரன்ஸ் மதிப்பும் கீழே. இந்த ஐந்தையும் ஒரு தாளில் எழுதி மானிட்டருக்குப் பக்கத்தில் ஒட்டினேன். சீசன் முழுக்க அந்தத் தாளைப் பார்த்துத்தான் முடிவெடுத்தேன்.

ஒரு வாரத்துக்கு 500 மணி என்று வைத்துக்கொள்வோம். முழுப் போட்டி என்றால் 10 பையன்கள், அவ்வளவுதான். 25 மணி வீதம் என்றால் 20 பேர். பார்க்க இரண்டாவது புத்திசாலித்தனமாகத் தெரியும். ஆனால் எதிரே ஒருவன் 50 போடுகிறபோது நாம் போடும் 25 கரைந்துபோகிற நேரம். 25 என்பது எதிராளி இல்லாத பையனுக்கான அளவு. எதிராளி இருக்கிற இடத்தில் 50 அல்லது பூஜ்யம். இதுதான் நான் தொடக்கத்திலேயே வகுத்துக்கொண்ட விதி. சீசன் முடியும்வரை இதை மாற்றத் தேவை வரவில்லை.

ஸ்கவுட்டிங்கை, அதாவது பையனின் உண்மையான திறமையை அலசுவதை, ப்ரீசீசனிலேயே முடித்துவிடுவது உத்தமம். ஒவ்வொரு பையனுக்கும் 5 வரை நட்சத்திரத் தரம் உண்டு. பச்சை ரத்தினக் குறி வந்தால் நட்சத்திரத்துக்கு மேலே சரக்கு இருக்கிறது, சிவப்புக் குறி வந்தால் குறைவு. சிவப்பு வந்த 4 நட்சத்திரக்காரனை அன்றே போர்டிலிருந்து எடுத்துவிட்டேன். அவனுக்காக மற்ற அணிகள் அடித்துக்கொள்வது நமக்கு லாபம், அவர்கள் மணி அங்கே செலவாகிறது.

முதல் வாரங்கள்: முன்னிலையில் இருந்தும் விட்ட பையன்

கொலம்பஸ் பக்கத்து க்வாட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து தாக்குதலை நடத்துகிறவன், 4 நட்சத்திரம். போர்டைத் திறந்தால் அவன் பட்டியலில் டொலீடோ முதலிடம். நம் பைப்லைன் வட்டாரம், அதாவது நமக்கு ஏற்கெனவே செல்வாக்கு இருக்கிற பகுதி, என்பதால் வந்த ஆரம்பச் சாய்வு. ஒஹாயோ ஸ்டேட் அவனைக் கண்டுகொள்ளவில்லை. சின்சினாட்டியும் கென்டக்கியும் பின்னால் நின்றன. யாரும் 50 மணியை இறக்கியிருப்பார்கள்.

நான் முதலில் குடும்பத்தைத் தொடர்புகொண்டு அவன் ஆசைகளைத் தெரிந்துகொண்டேன். விளம்பர வெளிச்சம், கோப்பை வாய்ப்பு, கான்ஃபரன்ஸ் மதிப்பு. ஒட்டிய தாளைப் பார்த்தேன். இரண்டு நம் பலவீனம், ஒன்று சுமார். ஆரம்ப முன்னிலை என்பது கையில் இருக்கிற சில்லறை. வாரா வாரம் வருகிற வரவுதான் முடிவு செய்யும். அவனிடம் நாம் அழுத்திப் பேசினால் ஒன்றுகூடப் பொருந்தாது. கென்டக்கி இருப்பது மதிப்பு மிக்க எஸ்இசி கான்ஃபரன்ஸில். அவர்கள் பேசினால் மூன்றில் ஒன்றாவது பலமாக ஏறும்.

அந்த வாரமே விலகினேன். அடுத்த சில வாரங்களில், ஒவ்வொரு கல்லூரிமேலும் அவனுக்கு இருக்கிற ஆர்வத்தைக் காட்டுகிற பட்டை நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்: நம் பட்டை நின்ற இடத்தில் நிற்க, கென்டக்கி தாண்டிப் போனது. நாம் 50 போட்டிருந்தால் தாண்டுவது இரண்டு வாரம் தள்ளிப்போயிருக்கும், அவ்வளவுதான். மனசை மாற்ற 30 மணி செலவழிக்கிற வழியும் இருக்கிறதே என்று கேட்கலாம். சின்ன அணிக்கு அது கட்டுப்படியாகாது என்பது என் கருத்து. நேரம் நிறைய இருக்கிறவர்களுக்கான ஆயுதம் அது.

50 மணி போட்ட இடம்

டெட்ராய்ட் பக்கத்து லைன்பேக்கர், எதிரணித் தாக்குதலை மடக்குகிற தடுப்பாட்டக்காரன். இவனும் 4 நட்சத்திரம், பச்சைக் குறியோடு. மிச்சிகன் ஸ்டேட் முதலிடம், நாம் மூன்றாவது. க்வாட்டர்பேக்கைவிட மோசமான தொடக்கம். ஆனால் ஆசைகள்: ஆட வாய்ப்பு, வீட்டுப் பக்கம், பயிற்சி வசதிகள். முதல் இரண்டும் நம் தாளின் மேல் வரி. டீல்பிரேக்கரும் ஆட வாய்ப்புதான், அவன் கேட்டதற்கு மேல் இரண்டு படி நமக்குக் கையிருப்பு இருந்தது. டீல்பிரேக்கரில் மட்டும் விளிம்பில் நிற்கக் கூடாது. சீசன் நடுவில் மதிப்பெண் ஆடும், ஒரு படி இறங்கினால் அத்தனை வார உழைப்பும் ஒரே நாளில் போகும்.

மூன்றாவதாக ஒன்றைப் பார்த்தேன்: நம் லைன்பேக்கர் வரிசையில் இரண்டு பேர் இந்த வருடத்தோடு முடிகிறார்கள். தேவை உண்மையான தேவை.

ஆசைகள் மூன்றும் பொருந்தினால் அழுத்திப் பேசுகிற 40-ஓடு நேரடிச் செய்தி 10 சேர்த்து 50 ஆக்குவது நல்ல பலன் தரும். இரண்டுதான் பொருந்துகிறது என்றால் மென்மையான பேச்சு 20, குடும்பம் 25, வலைத்தளம் 5 என்று பிரித்துப் போடலாம். இவனுக்கு இந்த இரண்டாவது வழிதான். ஒன்றுமே தெரியாத ஆரம்பத்தில் மட்டும் மொத்தப் படையை இறக்குவது.

இங்கே நான் வாரா வாரம் குறித்தது ஒன்றே ஒன்று: முதலிடத்துக்கும் நமக்கும் இருக்கிற இடைவெளி குறைகிறதா, கூடுகிறதா. நாம் எத்தனையாவது இடம் என்பதை எழுதவே இல்லை. மூன்றாவது இடத்தில் இருந்துகொண்டு இடைவெளி குறைந்துவந்தால் அது ஜெயிக்கிற சண்டை. முதலிடத்தில் இருந்துகொண்டு பின்னால் வருகிறவன் நெருங்கிவந்தால் அது தோற்கிற சண்டை. தொடர்ந்து இரண்டு வாரம் இடைவெளி கூடினால் வெளியேறுவது, ஒரு வாரம் மட்டும் கூடினால் பொறுப்பது. ஏனென்றால் எதிராளி அந்த வாரம் பையனை வளாகத்துக்கு அழைத்திருக்கலாம், அது ஒருமுறை எழும்பும் அலை.

லைன்பேக்கரிடம் இடைவெளி மெல்ல மெல்லக் குறைந்தது. அவன் பட்டியல் ஐந்தாகச் சுருங்கியதும் வளாக வருகை திறந்தது.

வருகையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், நெருக்கமான சண்டைகளைத் தீர்ப்பது பெரும்பாலும் இதுதான். 40 மணிக்கு ஒரே வாய்ப்பு. நம் சொந்த மைதானத்தில் ஆட்டம் இருக்கிற வாரத்தில்தான் அழைக்க முடியும். அன்று ஜெயித்தால் பலன் கூடும், தோற்றால் குறையும். எதிரணி நல்ல அணியாக இருந்தால் வெற்றிக்கு மதிப்பு அதிகம். ஒரே வாரத்தில் அதிகபட்சம் நாலு பேரை அழைக்கலாம். க்வாட்டர்பேக்கோடு வைட் ரிசீவர் மாதிரி ஒத்துப்போகிற இடத்துக்காரர்கள் சேர்ந்து வந்தால் கூடுதல் பலன். ஒரே இடத்துக்குப் போட்டியிடுகிற இரண்டு பேரைச் சேர்த்து அழைத்தால் இருவரிடமும் அடி. என்ன நிகழ்ச்சி காட்டுகிறோம் என்பதும் அவன் ஆசையோடு பொருந்த வேண்டும்.

மிட்-அமெரிக்கன் கான்ஃபரன்ஸ் அணிகள் நவம்பரில் செவ்வாய், புதன் இரவுகளில் ஆடுவது ரொம்ப காலமாக இருக்கிற வழக்கம். தொலைக்காட்சியில் வேறு கல்லூரி ஆட்டம் அதிகம் இல்லாத நாட்கள் அவை. விளையாட்டின் அட்டவணையிலும் அது வருகிறது. ஆனால் நவம்பர்வரை காத்திருந்தால் பையன் வேறெங்காவது வாக்குக் கொடுத்திருப்பான். அதனால் அட்டவணையை எடுத்து, அக்டோபர் நடுவில் சொந்த மைதானத்தில் வருகிற, ஜெயிக்க முடிகிற, ஆனால் சொத்தையில்லாத எதிரணி எது என்று தேடினேன். மயாமி ஒஹாயோவோடு ஆட்டம் இருந்தது. லைன்பேக்கரையும் ஒரு சேஃப்டியையும் அன்று அழைத்தேன். 27-20, கடைசி நிமிடத்தில் அவர்கள் பந்தை நம் கார்னர்பேக் பறித்தான். அடுத்த வாரம் திரையைத் திறந்தபோது மிச்சிகன் ஸ்டேட்டைத் தாண்டியிருந்தோம். அதற்கு அடுத்த வாரம் வாக்குக் கொடுத்தான்.

எதிராளி இல்லாத நிலம்

போர்டில் பாதி இடத்தை நான் எதிராளி இல்லாத பையன்களுக்கு வைத்தேன். ஃப்ளோரிடா, ஜார்ஜியா பக்கத்து 3 நட்சத்திர கார்னர்பேக்குகள், ரிசீவர்கள். அந்த மாநிலங்களில் 4, 5 நட்சத்திரக்காரர்களே அவ்வளவு பேர் இருப்பதால், பெரிய அணிகள் கீழே குனிந்து பார்ப்பதில்லை. பச்சைக் குறி விழுந்த 3 நட்சத்திரக்காரன் 25 மணிக்கு, சில வாரம் 10 மணிக்கே வருவான்.

நிஜ டொலீடோவே இதற்குச் சாட்சி. ஃப்ளோரிடாவிலிருந்து பெரிய அணிகளின் கண்ணில் படாமல் வந்த கார்னர்பேக் குவின்யன் மிட்செல், 2024 என்எஃப்எல் டிராஃப்டில் முதல் சுற்றில் 22-ஆவது ஆளாக ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸுக்குப் போனார். முதல் வருடத்திலேயே என்எஃப்எல் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலை வென்ற மோதிரம். அவரை டொலீடோவுக்கு அழைத்துவந்த கோச்சிங் குழுவின் கண்ணை நினைத்தால் எனக்குப் பெரிய மரியாதை. போட்டி இல்லாத இடத்தில் சரியான ஆளைக் கண்டுபிடிப்பதும் ரெக்ரூட்டிங்தான்.

ஒரே ஒரு விதிவிலக்கு, பௌலிங் கிரீன். அரைமணி நேரக் கார் தூரத்தில் இருக்கிற, நம் கான்ஃபரன்ஸிலேயே ஆடுகிற பரம எதிரி. அவர்கள் துரத்துகிற பையன் நம் தேவைக்கு ஓரளவு பொருந்தினாலே நான் 50 போடுவேன். அவன் அங்கே போனால் நாலு வருடம் நம் எதிரிலேயே ஆடுவான். கென்டக்கிக்குப் போகிற க்வாட்டர்பேக் நமக்கு எந்தத் தொல்லையும் தரமாட்டான்.

ஒன்பதாம் வாரம்: இரண்டாவது சந்தை

சீசனின் பின்பாதி வந்ததும் நிலைமை தலைகீழாகிறது. எதிராளி இல்லாத பையன்கள் பாதிப் பேர் வாக்குக் கொடுத்துவிட்டதால் அவர்களுக்குப் போன மணி விடுபடுகிறது. பெரிய அணிகளோ தங்களுக்கு வேண்டிய இடங்களை நிரப்பிக்கொண்டு சில பையன்களைக் கைவிட ஆரம்பிக்கின்றன. முதல் வாரத்தில் கிட்டப் போக முடியாத பையன் இப்போது கிடைப்பான்.

எப்படித் தெரிந்துகொள்வது? எதிரணிகளுக்கு வாக்குக் கொடுத்த பையன்களின் பட்டியலைத் திறந்து பார்க்கலாம். சின்சினாட்டி நகரத்து ஆஃபென்சிவ் டேக்கிள் ஒருவன், 4 நட்சத்திரம். முதலிடத்தில் பிட்ஸ்பர்க். அவர்கள் பட்டியலைப் பார்த்தால் ஏற்கெனவே மூன்று டேக்கிள்கள் வாக்குக் கொடுத்திருந்தார்கள். பையனின் பட்டையில் பிட்ஸ்பர்க் சில வாரமாக அசையவே இல்லை. அதாவது முதலிடத்தில் இருப்பது பழைய உழைப்பு, இப்போது யாரும் அங்கே இல்லை. பூட்டிக் கிடக்கிற வீட்டு வாசலில் வண்டி நிற்பதுபோல.

விடுபட்ட மணியை எடுத்து உடனே 50 இறக்கினேன். அவன் ஆசைகளில் இரண்டு நமக்கு நடுத்தரம்தான், ப்ரீசீசனில் இவனைத் தொட்டிருக்கவே மாட்டேன். ஆனால் எதிரே பூஜ்யம் போடுகிறவனுக்கு எதிராக நடுத்தரப் பொருத்தமே போதும். டிசம்பர் கையெழுத்து வாரத்துக்கு முன் கிடைத்துவிட்டான். நிஜத்திலும் 2017-லிருந்து டிசம்பர் கையெழுத்துக் காலம் ஒன்று உண்டு, பெரும்பாலான நல்ல பையன்கள் அதிலேயே முடிந்துவிடுகிறார்கள். பிப்ரவரிக் கையெழுத்துக்கு மிச்சம் வைப்பது ஆபத்து.

பட்டை அசைகிறதா என்று பார்ப்பது சீசன் முழுக்கவே பயன்படும். எதிராளி எத்தனை மணி போடுகிறான் என்று விளையாட்டு நமக்குச் சொல்லாது. ஆனால் இரண்டு வாரப் பட்டையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அவன் இன்னும் களத்தில் இருக்கிறானா என்று தெரிந்துவிடும். நான் திரையை செல்போனில் படம் பிடித்து வைத்துக்கொண்டேன். கண்ணால் நினைவு வைத்துக்கொள்வது நடக்காத காரியம்.

சீசன் முடிந்த பிறகு

இந்த விளையாட்டில் ஒரு அணியில் 85 பேருக்குத்தான் இடம். போர்டில் 35 இருக்கிறதே என்று எல்லாவற்றையும் பள்ளிப் பையன்களால் நிரப்பக் கூடாது. சீசன் முடிந்ததும் நாலு வாரம் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் திறக்கும், மற்றக் கல்லூரிகளிலிருந்து வெளியேறுகிற வளர்ந்த ஆட்டக்காரர்கள் அங்கே வருவார்கள். சில இடங்களைக் காலியாக வைத்திருந்தேன். பெரிய அணியில் பெஞ்சில் உட்கார்ந்து அலுத்துப்போன பையன்களுக்கு ஆட வாய்ப்புதான் பெரிய ஆசை. நம் தாளின் முதல் வரி அது. எனக்குப் போர்ட்டலில் 50 மணி போடுவது பள்ளிப் பையனுக்குப் போடுவதைவிட நிச்சயமான பலனைத் தந்தது.

அதே கதவு வழியாக நம் பையன்களும் போவார்கள். டீல்பிரேக்கர் கையெழுத்தோடு முடிவதில்லை. ஆட வாய்ப்பு என்று சொல்லி ஜெயித்த லைன்பேக்கர், அடுத்த வருடம் ஆடாவிட்டால் அதே காரணத்துக்காக வெளியேறப் பார்ப்பான். அதனால் போட்டியில் இறங்குமுன் இன்னொரு கணக்கும் போட வேண்டியிருக்கிறது: இந்தப் பையனுக்கு இரண்டாம் வருடத்தில் எங்கே இடம்? லைன்பேக்கருக்கு இடம் இருந்தது, இரண்டு சீனியர்கள் போனார்கள். ஆனால் அதே வகுப்பில் ஆட வாய்ப்பையே டீல்பிரேக்கராக வைத்திருந்த மூன்று ரிசீவர்களும் வந்திருந்தார்கள், களத்தில் இடம் இரண்டுக்குத்தான்.

அடுத்த ப்ரீசீசன் போர்டைத் திறந்தபோது முதல் வேலையாக ரிசீவர்களை எல்லாம் வடிகட்டி, ஆட வாய்ப்பை டீல்பிரேக்கராக வைத்திருக்கிறவர்களை நீக்கினேன். அதில் ஒருவன் 4 நட்சத்திரம், டொலீடோ முதலிடம், பக்கத்தில் யாருமே இல்லை. அவனையும்தான்.